மாட்டுக்குள் ஓர் ஆள்

எங்கள் ஊர் காங்கயம் பக்கம். தோட்டத்தில் பாதி கிணற்றுப் பாசனம், மீதி கொறங்காடு. கொறங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் பொழுது சாயும்வரை கவலை இல்லை.

அந்தக் கொறங்காட்டில்தான் கௌதாரி, கீரி, முயல் எல்லாம் திரியும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கேமராவும் 300 மி.மீ. லென்ஸும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரு வாரம் அலைந்ததில் கிடைத்ததெல்லாம் பறந்துபோகும் பறவைகளின் பின்பக்கம்தான்! குறிப்பாக ஆள்காட்டி. பெயரே சொல்லிவிடுகிறதே, ஆள் வந்தால் காட்டிக்கொடுக்கும் பறவை. நான் படலைத் திறக்கும்போதே கத்த ஆரம்பித்துவிடும். அது கத்தினால் மற்றதெல்லாம் ஓடிவிடும்.

எங்கள் அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சொன்னார்: "நீ ஏங் கண்ணு தனியாப் போற? செவலைக்குப் பொறவால போ. அது மேயுற வேகத்துக்கே நீயும் நட."

செவலை எங்கள் கிழட்டுப் பசு. அதன் வயிற்றை ஒட்டிக் குனிந்தபடி, அது நிற்கும்போது நின்று, நகரும்போது நகர்ந்து போனேன். பதினைந்து அடி தூரத்தில் ஆள்காட்டி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. செவலை இன்னும் நெருங்கியதும் எழுந்து, இரண்டு இறக்கையையும் விரித்து மிரட்டியது. மாடு மூக்கைத் திருப்பிக்கொண்டு விலகிப்போனது. பறவை திரும்ப உட்கார்ந்தது. நான் எடுத்த உருப்படியான முதல் படம் அது.

இது அப்பாருவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு கியர்ட்டன் சகோதரர்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

ரிச்சர்ட் கியர்ட்டன் 1862-லும், தம்பி செரி கியர்ட்டன் 1871-லும் பிறந்தவர்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் துவெய்ட் என்ற சின்னக் கிராமம். விவசாயக் குடும்பம், ஆடு மேய்க்கும் மலைச்சரிவுகள். ரிச்சர்டு சிறுவயதில் பறவைக்கூடு தேடி மரமேறி விழுந்ததில் இடுப்பில் அடிபட்டு, ஆயுள் முழுக்க ஒரு காலை இழுத்து நடந்தார். ஆனால் பறவைகளைப் போலக் குரல் கொடுப்பதில் கெட்டிக்காரர். அந்த மலைக்கு வேட்டையாட வந்த லண்டன் பதிப்பாளர் ஒருவர், இந்த இளைஞன் குரல் கொடுத்தே காட்டுக்கோழிகளை வரவழைப்பதைப் பார்த்து வியந்து, தன்னுடைய காசல் பதிப்பகத்தில் வேலை கொடுத்தார். கொஞ்ச காலம் கழித்துத் தம்பியும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

1892 ஏப்ரலில், லண்டனுக்கு வெளியே த்ரஷ் என்ற பாடும் பறவையின் கூட்டைச் செரி படம் பிடித்தார். அண்ணனுக்கு உடனே ஒரு யோசனை. அந்தக் காலத்துப் பறவை நூல்களில் இருந்தவை ஓவியங்கள்; புகைப்படம் என்றால் பெரும்பாலும் சுட்டுப் பஞ்சடைத்து வைத்த பறவையினுடையது. அதற்குப் பதில், எல்லாப் படங்களும் வெளியிலேயே, உள்ளது உள்ளபடி எடுத்ததாக ஒரு நூல் வந்தால்? 1895-ல் பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றிய அவர்களுடைய நூல் அப்படித்தான் வந்தது. அண்ணன் எழுத்து, தம்பி படம்.

கூடு ஓடாது, முட்டையும் ஓடாது. ஆனால் பறவை ஓடுமே! இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் 1891-ல்தான் லண்டனில் காப்புரிமை பெற்றிருந்தது. கியர்ட்டன்கள் தூக்கித் திரிந்தது கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் மரப்பெட்டி கேமரா. கிட்டே போயே ஆகவேண்டும். எனவே ஒளிந்துகொள்ள ஒவ்வொன்றாகச் செய்தார்கள்: போலி மரத்தண்டு, போலிப் பாறை, கேமராவை மட்டும் வயிற்றில் வைக்கக்கூடிய ஓர் ஆட்டு பொம்மை. 1900 வாக்கில் அவர்கள் போன எல்லைதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஒரு காளைமாட்டின் தோலை வாங்கி, உள்ளே மரச்சட்டம் கொடுத்து, நிஜ மாடு நிற்பதுபோலவே செய்துவிட்டார்கள். வயிறு காலி. அதற்குள் கேமராவோடு ஓர் ஆள்!

ஊனமான காலோடு அதற்குள் குனிந்து நின்றவர் ரிச்சர்டு. ஒருநாள் வெகுநேரம் அப்படி நின்றதில் அவருக்கு மயக்கம் வந்துவிட்டது. ஆளோடு சேர்ந்து மாடும் நான்கு காலையும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு கவிழ்ந்தது. வந்து பார்த்த தம்பி, அண்ணனை வெளியே இழுக்கும் முன் அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். தம்பிமார்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

பதிப்பகத்து மேஜையில் உட்கார்ந்தே வளர்ந்த ஒருவருக்கு இந்த மாடு தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். மேய்ச்சல் நிலத்துப் பறவைக்கு மாடு என்பது புல்லையும் கல்லையும் போல ஒரு பொருள். அது பயப்படுவது இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் உருவத்துக்கு. அதன் நடுவே வளர்ந்தவர்களுக்கு இது யாரும் சொல்லித்தராமலே தெரியும்.

ஆனால் இந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒருவரை முன்னால் நிறுத்தி இன்னொருவர் காரியம் சாதிப்பதை ஆங்கிலத்தில் 'ஸ்டாக்கிங் ஹார்ஸ்' என்பார்கள். இன்று அது அரசியல் சொல். மூலத்தில் அது நிஜக் குதிரை. பறவை வேட்டைக்காரன் பழக்கிய குதிரையின் மறைவில் நடந்து, நெருங்கியதும் சுடுவான். நம் நாட்டில் பார்தி வேட்டைக்காரர்கள் இதற்கென்றே மாடுகளைப் பழக்கி வைத்திருந்தார்கள்; மாட்டின் மறைவில் போய் வலையும் கண்ணியும் வைப்பார்கள். வெளிமான்கள் மாட்டுவண்டியைக் கண்டு ஓடாது என்று தெரிந்துகொண்ட வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் வண்டியில் ஏறியே அவற்றை நெருங்கினார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஓடத்தின் முனையில் விளக்கு வைத்து, கரையில் திகைத்து நிற்கும் மானைச் சுடுவது ஓஜிப்வே பழங்குடியினரின் வேட்டை முறை. ஜார்ஜ் ஷைராஸ் அதே ஓடத்தில், அதே விளக்கோடு, துப்பாக்கிக்குப் பதில் கேமராவோடு போனார். 1906-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது.

இந்தியக் காடுகளில் மாட்டின் இடத்தை யானை எடுத்துக்கொண்டது. ஐக்கிய மாகாணத்து வனத்துறை அதிகாரி சாம்பியன், 1927-ல் வந்த தன் புலி நூலுக்கான படங்களை யானைமேல் இருந்தும், புலி தானே மிதித்து இயக்கும்படி வழியில் கம்பி கட்டிய கேமராவாலும் எடுத்தார். நம் மா. கிருஷ்ணனும் பழக்கிய யானைகளின் முதுகிலிருந்து நிறையப் படம் எடுத்தவர். யானைமேல் மனிதன் உட்கார்ந்திருந்தாலும், காட்டு விலங்குகள் அதை யானையாகத்தான் எடுத்துக்கொள்கின்றன.

ஆக, வேட்டைக்காரனின் தந்திரம் அப்படியே கேமராக்காரனுக்கு வந்தது. முடிவில் சாவு மட்டும் இல்லை என்று நானும் நிம்மதியாக எழுதியிருப்பேன். அடுத்த வருஷ விஷயம் நடக்காமல் இருந்திருந்தால்.

அந்த வருஷம் செவலை இல்லை. ஆள்காட்டி மறுபடி கொறங்காட்டில் நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது, தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிக் கொஞ்சம் சரளைக்கல். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க இந்தப் பறவைகள் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். அந்தப் படம் எனக்கு வேண்டும். உச்சிவெயிலில் வேலியோரம் முக்கால் மணி நேரம் நின்றேன். தாயும் தகப்பனும் மேலே வட்டமடித்துக் கத்திக்கொண்டே இருந்தன, இறங்கவில்லை. ஆள்காட்டி எனக்கு ஆளைக் காட்டவேண்டிய தேவை இல்லை, யாரோ கவனித்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் குடிக்க நகர்ந்த நேரத்தில் ஓர் அண்டங்காக்கா நேராகக் குழியில் இறங்கியது. ஓடிப்போய் விரட்டினேன். இரண்டு முட்டை போய்விட்டது. மீதி இரண்டின்மேல் பறவை அன்று சாயங்காலம்வரை உட்காரவில்லை. மறுநாள் பார்த்தபோது குழியில் சரளை மட்டும்.

அப்பாருவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வருஷா வருஷம் உழவு ஓட்டறப்ப அது இருக்கற எடத்தச் சுத்தி விட்டுட்டுத்தான் ஓட்டுவோம். நீ படம் புடிக்கறேன்னு..." என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

கியர்ட்டன்கள் காலத்தில் முட்டைகளைத் திருடிச் சேகரிப்பது கௌரவமான பொழுதுபோக்கு. பெரும்பாலான பறவைகளின் முட்டையை எடுப்பது குற்றம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1954-ல்தான். அந்தச் சூழலில், முட்டையைக் கூட்டிலேயே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துவந்தது பெரிய மாற்றம்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய முதல் படமே கூடு, முதல் நூலும் கூடு. இன்று இந்தியாவில் சில காட்டுயிர் ஒளிப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. முன்பு இது எனக்கு அதிகப்படியாகத் தெரிந்தது.

ஆள்காட்டி முட்டையிடும் மாதங்களில் இப்போது கொறங்காட்டுக்குக் கேமரா கொண்டுபோவதில்லை. மற்ற நாட்களில் போகிறேன். செவலையின் கன்று வளர்ந்துவிட்டது, கொஞ்சம் முரடு, நின்று மேயாது. அதன் பின்னால் நடந்து போன மாதம் ஒரு கீரி கிடைத்தது, நன்றாக, முன்பக்கத்திலிருந்தே.