இரண்டு விண்வெளி நிலையங்கள்

1993 ஜனவரியில் 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்', பிப்ரவரியில் 'பாபிலோன் 5' முன்னோட்டப் படம் என இரு விண்வெளி நிலையக் கதைகள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தன. பாபிலோன் 5-ஐ உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி, தம் திட்டத்தை, டீப் ஸ்பேஸ் நைனைத் தயாரித்த பாரமவுண்டிடம் முன்பே காட்டியிருந்ததால் சர்ச்சை எழுந்தது.

அறிவியல் புனைவுக்கான 1996 ஹியூகோ விருதுப் போட்டியில் இரண்டின் அத்தியாயங்களும் மோதின. டீப் ஸ்பேஸ் நைனின் 'தி விசிட்டர்', விபத்தில் தொலைந்த தந்தையை மீட்க மகன் உயிரையே கொடுக்கும் தனிக்கதை. பாபிலோன் 5-இன் 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்' தொடர்கதையின் திருப்பம்: சென்டாரி பேரரசர் நார்ன் இனத்திடம் மன்னிப்புக் கேட்க வந்ததை அறிந்த நார்ன் தூதர் ஜிகார், எதிரியான சென்டாரி தூதர் லாண்டோவுக்கு மது வாங்கித் தருகிறார், நார்ன்கள் மீது லாண்டோ மூட்டிய தாக்குதலோ ஏற்கெனவே தொடங்கிவிட்டது. விருது பாபிலோன் 5-க்கே கிடைத்தது.

பாபிலோன் 5 1998-இலும், டீப் ஸ்பேஸ் நைன் 1999-இலும் நிறைவுற்றன.