மணலைத் தொலைத்த கடற்கரை

புதுச்சேரி போனால், மாலை ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டுக்குப் போங்கள். வண்டிகளுக்குத் தடை, காலாற நடக்கலாம். பகலெல்லாம் வெயிலில் வெந்த உடம்புக்கு அந்தக் கடல்காற்று... அடடா!

1761-ல் பிரிட்டிஷ் படை இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். ஊர் எழுந்துவிட்டது. ஆனால், பீரங்கியால்கூட அழிக்க முடியாத மணலை 1980-களில் நாமே தொலைத்தோம்!

எப்படி? வருஷத்தில் பாதிக்கு மேல், கடலோர நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே மணலைச் சுமந்து வரும். துறைமுகத்துக்காகத் தெற்கே போட்ட கல் தடுப்பு அதை மறித்துவிட்டது. பீச் கரைந்தது; கருங்கற்கள்தான் மிச்சம். 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நாலு அடி நடந்து பாருங்கள். அதன் அருமை புரியும்.