முயல் வாயில் கேரட் வந்த கதை

முயல் என்றாலே கேரட்தான் என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதி 1902-இல் வெளிவந்த கதையில் பீட்டர் முயல் தோட்டத்தில் திருடித் தின்றது லெட்டூஸ் கீரை, பீன்ஸ், முள்ளங்கி. கேரட் பேச்சே இல்லை.

கேரட்டைப் பிரபலமாக்கியது சினிமா. 1934-இல் வந்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிள் வேலியில் சாய்ந்து, கேரட்டைக் கடித்தபடியே வாய் ஓயாமல் பேசுவார். அவரைக் கிண்டல் செய்துதான் 1940-இல் பக்ஸ் பன்னி கேரட்டும் கையுமாக வந்தது. அந்தப் படம் பலருக்கு மறந்துபோயிற்று, கேரட் மட்டும் நின்றுவிட்டது.

பாவம், அவதிப்படுவது வீட்டு முயல். அதன் பல் ஆயுள் முழுக்க வளரும். நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் தேயும். நார்ச்சத்து குறைந்தால் குடல் ஓட்டமே நின்றுவிடும். ஒரு நாள் தீனி எடுக்காவிட்டாலே உயிருக்கு ஆபத்து. கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். காய்ந்த புல் (வைக்கோல் அல்ல, அதில் சத்துப் போதாது) எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். கூடவே கொஞ்சம் கொத்தமல்லித்தழை, சுத்தமான தண்ணீர்.

தன் மென்மையான புழுக்கையையே அது திரும்பத் தின்பதைப் பார்த்தால் விரட்டாதீர்கள். அதுவும் அதற்கு ஆகாரம்தான்.