‘நாபாக்’ என்றால் தீட்டு: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

எல்லையில் சண்டை வந்தாலும் சரி, கிரிக்கெட்டில் போட்டி வந்தாலும் சரி, கோவில்பட்டி டீக்கடை பெஞ்சு வரைக்கும் பாகிஸ்தானைப் பற்றிய வசை வந்து சேர்ந்துவிடுகிறது. இந்திச் சேனல்களில் புழங்கும் ‘நாபாக்’ என்ற சொல் இப்போது நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவரும் அதைப் பகிர்ந்திருந்தார். “இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?” என்று கேட்டோம். “பாகிஸ்தானைத் திட்டுறது அண்ணே, அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதானா என்று பார்ப்போம்.

முதலில் நாட்டின் பெயர். 1933 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த சவுத்ரி ரஹ்மத் அலி ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். பஞ்சாப், ஆப்கன் எல்லை மாகாணம், காஷ்மீர், சிந்து ஆகியவற்றின் முதல் எழுத்துகளையும் பலுசிஸ்தானின் கடைசிப் பகுதியையும் கோத்து ‘பாக்ஸ்தான்’ என்று எழுதினார். உச்சரிப்புக்காக நடுவில் ஓர் ‘இ’ பிறகு சேர்ந்தது. 1940 மார்ச்சில் முஸ்லிம் லீக் நிறைவேற்றிய லாகூர் தீர்மானத்தில் இந்தப் பெயரே கிடையாது. பத்திரிகைகள்தான் அதைப் பாகிஸ்தான் தீர்மானம் என்று எழுதிப் பரப்பின.

அந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு. பாரசீகத்தில் ‘பாக்’ என்றால் தூய்மை. ‘ஸ்தான்’ என்றால் இடம்; நம் காதில் விழும் ‘ஸ்தானம்’ என்பதன் உறவுச் சொல்தான் அது. தூயவர்களின் நாடு. அதைத் திருப்பிப் போட்டால் ‘நாபாக்’. தூய்மையற்றது, அசுத்தமானது. 2017 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் இந்தியப் பிரதிநிதி பாகிஸ்தானை ‘டெரரிஸ்தான்’ என்றபோதும், தூயவர்களின் நாடு சுத்தமான பயங்கரவாதத்தின் நாடாகிவிட்டது என்று அதே தூய்மையை வைத்துத்தான் சிலேடை பேசினார்.

தூய்மையற்றது என்பதற்கு நம் ஊர்த் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, தோழர்களே. தீட்டு. இரட்டைக் குவளைக்குப் பின்னால் இருந்த சொல். கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் நம் பாட்டன் பாட்டியை நிறுத்திய சொல். ஓர் அரசு செய்யும் குற்றத்தைக் கண்டிக்க உலகத்தில் எத்தனையோ சொற்கள் இருக்க, இவர்களுக்குக் கைக்கு வருவது இதுதான். எதிரியை அவமானப்படுத்த வேண்டுமென்றால் அவனைத் தீட்டாக்க வேண்டும். சாதிச் சமூகம் பழகிவைத்திருக்கும் வசை அது.

தூயவர்களின் நாடு மட்டும் யோக்கியமா? இல்லை. பாகிஸ்தானில் சாக்கடை அள்ளுவோரில் மிகப் பெரும்பாலோர் தீண்டத்தகாத சாதியிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்களின் வாரிசுகள். ‘சூஹ்ரா’ என்ற சாதிப் பெயர் இன்றும் அவர்கள்மீது வசையாக வீசப்படுகிறது. துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசுத் துறைகளே விளம்பரம் கொடுத்திருக்கின்றன. 2009இல் பஞ்சாபின் ஒரு வயலில் கூலி வேலை செய்த ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண், குவளையில் தண்ணீர் குடித்தார். அவர் தொட்டதால் தண்ணீர் அசுத்தமாகிவிட்டது என்று உடன் வேலை செய்த பெண்கள் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டை மத நிந்தனை வழக்காகி, 2010இல் மரண தண்டனையானது. 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குவளைதான்.

அண்ணல் அம்பேத்கர் பாகிஸ்தான் கேள்வியை எப்படிக் கையாண்டார்? லாகூர் தீர்மானம் வந்த அதே 1940இல் ஒரு முழு நூல் எழுதினார். பிரிவினைக்கு ஆதரவான வாதத்தையும் எதிரான வாதத்தையும் எடுத்துவைத்தார். முஸ்லிம் சமூகத்துக்குள் இருக்கும் சாதியையும் விமர்சித்தார். இந்து ராஜ்ஜியம் வந்தால் நாட்டுக்குப் பேராபத்து என்றும் எச்சரித்தார். 1946இல் அவரை வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பப் பாடுபட்ட ஜோகேந்திரநாத் மண்டல், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். 1950இல், கிழக்கு வங்கத்தில் தம் மக்கள்மீது நடந்த கொடுமைகளை வரிசையாக எழுதிவைத்துவிட்டுப் பதவி விலகி இந்தியா வந்தார். அந்த அரசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவருக்குத் தேவைப்பட்டவை சம்பவங்கள், வசை அல்ல.

எல்லை தாண்டி எறிந்த சொல் அங்கேயே நிற்பதும் இல்லை. 1981 பிப்ரவரியில், அன்றைய நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் ஏறக்குறைய 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்பதற்குள் வளைகுடாப் பணம், அந்நியச் சதி என்ற கூச்சல் டெல்லி வரை கேட்டது. சாதிக் கொடுமை பற்றிய கேள்வி தேசபக்தி பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டது. 1995 ஆகஸ்ட் 31 அன்று, நம் கரிசல் பூமியின் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. வளைகுடாவில் உழைத்து வாங்கிய டிவியும் மின்விசிறியும் உடைக்கப்பட்டன. பாஸ்போர்ட்டுகளும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன. சேரி மனிதன் வெளிநாடு போய் நிமிர்ந்து வந்ததே அங்கே குற்றம்.

இன்று ‘பாகிஸ்தானுக்குப் போ’ என்று சொல்பவர்கள் அதை இஸ்லாமியரோடு நிறுத்துவதில்லை. மாட்டுக்கறி பற்றிப் பேசினாலும், இடஒதுக்கீடு கேட்டாலும், அரசைக் கேள்வி கேட்டாலும் அந்த விரல் நம் பக்கம் திரும்புகிறது.

பாகிஸ்தான் அரசையும் அதன் ராணுவத்தையும் விமர்சிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாக விமர்சிப்போம். அங்கே மலக்குழிக்குள் இறங்குகிறவனின் பக்கம் நின்று விமர்சிப்போம். ஆனால் நம்மை அடித்த கோலை வாங்கி இன்னொருவனை அடிக்க வேண்டாம்.

இதையெல்லாம் பேசி முடித்தபோது அந்தத் தம்பி போனை எடுத்து ஸ்டேட்டஸை அழித்தார். “தீட்டுன்னு தமிழ்ல எழுதியிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன் அண்ணே” என்றார்.

ஜெய் பீம்.