வெயிலும் சாராயமும்: மரக்காணத்தின் இரண்டு மயக்கங்கள்

வானூரிலிருந்து கழுவெளியை ஒட்டி மரக்காணம் வரும் பாதையில் மே மாதத்து மதியம் ஒருவர் சுருண்டு கிடந்தால், "குடிச்சிட்டு கிடக்கான்" என்று சொல்லிவிட்டு வண்டிகள் போகும். அதே ஆள் மரக்காணத்து உப்பளத்தில், பாத்தி வரப்பில் விழுந்தால் "வெயில் தாங்கல" என்பார்கள். விழுந்த இடத்தை வைத்தே நோயை முடிவுகட்டும் இந்தப் பழக்கம் இரண்டு பக்கமும் ஆளைக் கொல்லக்கூடியது.

2023 மே 13 அன்று, அக்னி நட்சத்திர வெயிலில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவ ஊரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். அந்தப் பகுதியில் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர். வெப்பவாதமும் (ஹீட் ஸ்ட்ரோக்) மெத்தனால் நஞ்சும் ஒரே ஊரில், ஒரே பருவத்தில் எப்படி ஒன்றன்மேல் ஒன்று கவிந்துகொள்கின்றன என்பதை இந்தக் கரையில்தான் நன்றாகப் பார்க்க முடியும்.

தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், உளறல் இரண்டிலும் உண்டு. மெத்தனாலைக் காட்டிக்கொடுக்கும் தனி அடையாளம் கண். பார்வை மங்கும், பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் வெளுக்கும். ஆனால் வெள்ளை உப்பின் மேல் பட்டுத் தெறிக்கும் வெயிலை நாளெல்லாம் பார்த்து வேலை செய்கிறவர்களுக்குக் கண் கூச்சமும் எரிச்சலும் அன்றாடப் பாடு. "கண்ணு சரியா தெரியல" என்று உப்பளக்காரர் சொன்னால் வீட்டில் யாரும் பதறமாட்டார்கள். எச்சரிக்கை மணி அங்கே பழகிய சத்தத்தில் அமுங்கிப்போகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது நேரம். வெப்பவாதம் வேலைக்கு நடுவிலேயே தாக்கும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறி, புத்தி தடுமாறத் தொடங்கினால் அதுதான். வியர்வை நின்று தோல் வறண்டிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டேகூட இருக்கலாம். எனவே தோலை நம்பாமல் பேரைக் கேளுங்கள், என்ன கிழமை என்று கேளுங்கள். பதில் குழறினால் தாமதிக்கக் கூடாது.

மெத்தனால் அப்படி உடனே தாக்காது. குடித்த அன்று சாதாரணப் போதைதான். ஈரல் அதை மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்ற, 12 முதல் 24 மணி நேரம் கழித்து வயிற்றுவலி, பார்வை மங்கல், வேகமான பெருமூச்சு என்று வரிசையாக வரும். இடையில் ஆள் தெளிந்து, வேலைக்கும் போயிருப்பார். நேற்றைய சாராயத்தை இன்றைய வாந்தியோடு யார் முடிச்சுப் போடுவார்கள்?

முதலில் ஓடிவருபவர் செய்ய வேண்டியதும் இங்கே பிரிகிறது. வெப்பவாதத்தில் சிகிச்சை உப்பளத்திலேயே தொடங்க வேண்டும்: 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விப்பதுதான் வேலை. நிழலுக்கு இழுத்து, சட்டையைத் தளர்த்தி, குடத்து நீரை உடம்பெல்லாம் ஊற்றி, முறமோ அட்டையோ கொண்டு விடாமல் விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைக்கலாம். பாத்தியில் கிடக்கும் உப்புநீர் வெயிலில் சூடேறியிருக்கும், அதை நம்ப வேண்டாம். நினைவு சரியில்லாதவர் வாயில் மோரோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

மெத்தனாலுக்கு ஊரில் வைத்தியம் எதுவும் இல்லை. வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுத்துத் தூங்க வைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். "இன்னும் கொஞ்சம் குடிச்சா சரியாயிடும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. மருத்துவமனையில் எத்தனாலையே மாற்றுமருந்தாகத் தருவது உண்டு. ஆனால் அளவு பார்த்து, ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரிசெய்து, தேவைப்பட்டால் டயாலிசிஸும் செய்து. அது ஜிப்மரிலோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நடக்க வேண்டிய காரியம். அதுவரை, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனிப்பதுதான் நம் வேலை. இரண்டில் எது என்று தெரியாமல், உடம்பு கொதித்தால்? குளிர்வியுங்கள், கூடவே வண்டியை வரவழையுங்கள். அதனால் கெடுதல் இல்லை.

வெயிலில் விழுந்தவர் நடந்ததைச் சொல்ல வெட்கப்படமாட்டார். குடித்தவர் போலீசுக்கும் வீட்டுக்கும் பயந்து மறைப்பார். இந்தத் தயக்கம் குடித்தவரோடு நிற்பதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமென்று உறுதியாகவில்லை என மாவட்ட நிர்வாகமே முதலில் சொன்னது. அரசின் கணக்கிலும் ஒரு விசித்திரம் உண்டு: இந்தச் சாராயச் சாவுகளில் குடும்பங்களுக்குத் தந்தது 10 லட்சம் ரூபாய், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த 2024 அக்டோபர் ஆணைப்படி வெயிலில் செத்தால் 4 லட்சம். உப்பளத்தில் உழைத்துச் சாகிறவர் உயிர் ஏன் மலிவு என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

வெப்பவாதத்தில் ஆபத்து விழுந்தவரோடு நிற்கும். மெத்தனாலில் ஒருவர் விழுந்தால், அதே சாராயப் பாக்கெட்டைப் பங்கிட்டவர்கள் எங்கோ திண்ணையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும், கூடக் குடித்தவர்கள் யார் யார் என்று அதட்டாமல் கேளுங்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர்கள் சொன்னாலும் அன்றைக்கே அவர்களையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.