காசா, கடினமான எதிரியா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். கூடவே அவர் பையன். வயது 19, குத்துச்சண்டை வீரன். ஒரே தேதியில் அவனுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. அதில் இவனை ஏற்கெனவே இரண்டு முறை தோற்கடித்த பையன் இவனுடைய எடைப் பிரிவிலேயே இறங்குகிறான். இன்னொன்று, டிக்கெட் போட்டு நடத்தும் மேடைச் சண்டை. அங்கே எதிராளி சுமார்தான். ஆனால் கிடைக்கும் பணம் பட்டறையின் மூன்று மாத வாடகைக்குச் சமம்.

"காசை விட்டுட்டு அடி வாங்கப் போறேன்னு நிக்கிறான் சார். நீங்களே சொல்லுங்க" என்றார் அப்பா. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பலசாலியைக் கண்டு ஒதுங்குகிறவன் கோழை என்று வகுப்பில் நான் முழங்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாக்கியத்தை இப்போது கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்லமாட்டேன்.

முதலில் ஒரு விஷயம். கிரிக்கெட்டிலோ கபடியிலோ யார் யாருடன் மோத வேண்டும் என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் குலுக்கல் தீர்மானிக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படி இல்லை. சாம்பியனும் அவருடைய ஆட்களும் உட்கார்ந்து பேசி எதிரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதிரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவன் கைக்கு வந்துவிட்டால், அங்கே கணக்குப் பார்ப்பதும் வந்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் ஜாக் ஜான்சன். ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர். கறுப்பருக்கு வாய்ப்புத் தரக்கூடாது என்று வெள்ளைச் சாம்பியன்கள் கதவைச் சாத்தியிருந்த காலம் அது. டாமி பர்ன்ஸ் என்ற சாம்பியனைத் துரத்திக்கொண்டு ஆஸ்திரேலியா வரைக்கும் போனார் ஜான்சன். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் பட்டத்தை வென்றார். அந்தச் சண்டைக்குப் பர்ன்ஸ் வாங்கியது 30,000 டாலர், ஜான்சனுக்குக் கிடைத்தது 5,000 டாலர். தோற்றவருக்கு ஆறு மடங்கு!

இவ்வளவு பட்டவர் பட்டம் கைக்கு வந்ததும் என்ன செய்தார்? அன்றைக்கு மிகவும் பயப்பட வேண்டிய எதிரி சாம் லாங்ஃபோர்டு. அவரும் கறுப்பினத்தவர்தான். 1906-இல் ஜான்சன் அவரைப் புள்ளிக் கணக்கில் வென்றிருந்தார். ஆனால் சாம்பியனான பிறகு, 1915-இல் பட்டத்தை இழக்கும்வரை, லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்புகூடத் தரவில்லை. இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது என்பது கணக்கு. அதே ஜான்சன் 1910 ஜூலை 4 அன்று, ஓய்வு பெற்றிருந்த வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரிஸுடன் ரீனோ நகரத்தில் மோதினார். பந்தயத் தொகை ஒரு லட்சம் டாலருக்கும் மேல். ஜான்சன் சுலபமாக வென்றார். லாங்ஃபோர்டு கடைசியில் பார்வை இழந்து வறுமையில் கிடந்தார். 1944-இல் ஒரு பத்திரிகையாளர் அவரை நியூயார்க்கில் தேடிக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் நன்கொடை திரட்டி உதவினார்கள்.

ஜான்சனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரே எதிர்த்து நின்றபோது தனியாக நின்றவர் அவர். ஆனால் தனக்குச் சாத்தப்பட்ட கதவை இன்னொருவருக்கு அவரும் சாத்தினார். வசூல் கணக்கு ஒரு துணிச்சல்காரனையும் இப்படி ஆக்கிவிடுகிறது.

நம் ஊருக்கு வருவோம். 2021-இல் வந்த பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பார்த்திருப்பீர்கள். கதை கற்பனை. ஆனால் பரம்பரைகள் கற்பனை இல்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று வடசென்னையில் பரம்பரைகள் உண்மையிலேயே இருந்தன. பயிற்சி கொடுப்பவரை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தைக்காகவே எனக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். சார்பட்டாவின் கித்தேரி முத்து, ஆங்கிலோ இந்திய வீரரான நாட் டெர்ரியை வென்ற கதை இன்றைக்கும் அந்தப் பக்கம் பேசப்படுகிறது.

அங்கே கணக்கு நேர் தலைகீழ். எதிர்ப் பரம்பரையின் பெரிய ஆளோடு மோதாமல் தட்டிக்கழித்தால் அந்த அவமானம் வீரனோடு நிற்காது. வாத்தியாருக்கும் தெருவுக்கும் போய்ச் சேரும். மானம் இருந்தது, பணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கைதட்டல் வாங்கியவர் திங்கட்கிழமை துறைமுகத்துக்கோ மில்லுக்கோ வேலைக்குப் போவார். கடினமான எதிரியைச் சந்தித்த வீரம் அடுப்பில் உலை ஏற்றவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. ஆவடி, அம்பத்தூர் பக்கமிருந்தும் மின்சார ரயில் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அலியைப் பார்த்தார்கள். எதிரே நின்றவரைப் பற்றி எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊரான லூயிவில்காரர், சிறு வயது நண்பர், பயிற்சியில் அலியிடம் தினமும் குத்து வாங்கியவர். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று அலி 1967-இல் மறுத்துப் பட்டம் பறிபோனபோது, அடுத்த ஆண்டு உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தை வென்றவர் இந்த எல்லிஸ். அதோடு ஒதுங்கி நிற்காமல், 1970 பிப்ரவரியில் அந்தக் காலத்தின் மிக ஆபத்தான வீரரான ஜோ ஃப்ரேசியரோடு மோதித் தோற்றார். 1971 ஜூலையில் அலியோடு மோதினார், 12-வது சுற்றில் தோற்றார். நட்பும் போகவில்லை, பிழைப்பும் போகவில்லை. ஒன்பது வருடம் கழித்து அதே அலியோடு நம் சென்னை மேடையில் நின்றார். பலசாலியிடம் தோற்றவன் அழிந்துவிடுவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அவர்தான்.

அலி அதிர்ஷ்டக்காரர். அவருக்குப் பெரிய பணமும் பெரிய எதிரியும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள். 1971 மார்ச் 8 அன்று ஃப்ரேசியரோடு மோதியபோது ஆளுக்கு 25 லட்சம் டாலர். 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனோடு மோதியபோது ஆளுக்கு 50 லட்சம் டாலர். ஆனால் சென்னைக்கு வந்துபோன அதே 1980-இல், அக்டோபர் 2 அன்று, 38 வயதில் லாரி ஹோம்ஸோடு மோதினார். பேசப்பட்ட தொகை 80 லட்சம் டாலர். பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு அவருடைய பயிற்சியாளரே சண்டையை நிறுத்தினார். நான்கு வருடத்தில் பார்க்கின்சன் நோய் உறுதியானது. எதிரியும் பெரியவர், பணமும் பெரியது, ஆனால் காலம் கடந்துவிட்டது.

காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் மேவெதர், பாக்கியாவ் ஜோடி. 2010-இல் நடந்திருக்க வேண்டிய சண்டை. மருந்துச் சோதனை விஷயத்தில் பேச்சு முறிந்து, கடைசியில் 2015 மே 2 அன்றுதான் நடந்தது. மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. குத்துச்சண்டை வரலாறு அதுவரை காணாத வசூல். பார்த்தவர்களுக்கோ பெரிய ஏமாற்றம். காத்திருந்ததில் பணம் வளர்ந்தது, சண்டை தேய்ந்துபோனது.

ரிடிக் போவின் கதை இன்னும் பரிதாபம். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்றவர். 1992-இல் தொழில்முறைச் சாம்பியனானதும் லூயிஸோடு மோத வேண்டிய கட்டாயம் வந்தது. போ என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தப் பட்டத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டார். கடைசிவரை இருவரும் தொழில்முறையில் மோதவே இல்லை. போ நல்ல வீரர். ஆனால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் அந்தக் குப்பைத்தொட்டிதான் ஞாபகம் வருகிறது.

நம் நாட்டு விஜேந்தர் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம். 2015-இல் தொழில்முறைக்கு மாறினார். நாட்டை விட்டுக் காசுக்குப் போய்விட்டார் என்று திட்டியவர்கள் உண்டு. பலமில்லாத எதிரிகளோடு மோதுகிறார் என்றும் சொன்னார்கள். தொடர்ந்து 12 வெற்றி, பிறகு 2021 மார்ச்சில் கோவாவில் முதல் தோல்வி. எனக்கு அவர்மேல் குறை இல்லை. ஒலிம்பிக்கில் குலுக்கல் கொடுத்த எதிரிகளையெல்லாம் சந்தித்து, பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிய பிறகுதான் அவர் பணத்தின் பக்கம் திரும்பினார். எது முதலில், எது பின்னால் என்ற வரிசை அங்கே சரியாக இருந்தது.

இப்போது பட்டறைக்காரருக்கு என் பதில்.

தம்பி, நீங்கள் பேராசைக்காரர் இல்லை. மேவெதர் பார்த்த கணக்கு வேறு, நீங்கள் பார்க்கும் கணக்கு வேறு. வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்து, மானம் பெரிது என்று பென்ஷன் வாங்குகிற நான் உபதேசம் செய்யக்கூடாது. ஆனால் மேடைச் சண்டை நடத்துகிறவர்கள் அடுத்த வருடமும் நடத்துவார்கள். அந்த இன்னொரு பையன் அடுத்த வருடம் இதே எடைப் பிரிவில் இருப்பானா? இருபது வயதுக்குள் ஓர் எடையிலிருந்து அடுத்த எடைக்குப் போவது சாதாரண விஷயம். மூன்றாவது முறையும் உங்கள் மகன் தோற்கலாம். தோற்றால் எல்லிஸ் மாதிரி திரும்பி வருவான். மோதாமலே விட்டால் போ மாதிரி ஒரு குப்பைத்தொட்டியை வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டியிருக்கும். தேர்வுப் போட்டிக்கு அனுப்புங்கள்.

மூன்று மாத வாடகை? பழைய பரம்பரைகளில் வீரன் தனியாக மேடை ஏறவில்லை, அவனுக்குப் பின்னால் ஒரு வாத்தியாரும் ஒரு தெருவும் நின்றது. ஒரு மாத வாடகையை நான் கொடுப்பதாக நேற்றிரவு போனில் சொல்லிவிட்டேன். கடன்தான், தானம் இல்லை. அவரும் அப்படித்தான் ஒப்புக்கொண்டார். மீதி இரண்டு மாதத்துக்கு அவருடைய வகுப்புத் தோழர்கள் யாராவது எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பொதுவில் எழுத வேண்டாம்.

பையா, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். இடது கையைக் கீழே இறக்காதே.

வாழ்க வளமுடன்.