பீஜியில் ஒரு பினாங்கு

உலகப் படத்தில் பசிபிக் மாக்கடலைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நியூசிலாந்துக்கு வடக்கே, பேனா உதறியபோது மை தெறித்தாற்போலச் சில புள்ளிகள் தெரியும். முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பீஜி நாடு அதுதான். நம் தோட்டத்துப் பெரியவர்கள் ‘பீஜித்தீவு’ என்பார்கள். போனவர் திரும்பாத இடம் என்ற பொருளில்தான் அந்தப் பெயர் அவர்கள் வாயில் வரும்.

அந்தப் பேச்சு ஏன் பிறந்தது? 1874-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பீஜி, பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தது. மறு ஆண்டு கவர்னராக வந்த சர் ஆர்தர் கார்டன், அதற்கு முன் டிரினிடாட்டிலும் மொரிஷியஸிலும் கவர்னராக இருந்தவர். அங்கெல்லாம் கரும்புத் தோட்டங்களில் இந்தியர்கள் பாடுபட்டதை நேரில் கண்டவர். பீஜி மக்களை அவர்களுடைய கிராமங்களிலிருந்து பிரித்துத் தோட்ட வேலைக்கு இழுக்க அவர் விரும்பவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து ஆள் வரவழைத்தார். ஒரு மக்களின் வாழ்வைக் காக்க இன்னொரு மக்களை வேரோடு பிடுங்கினார் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

‘லியோனிடாஸ்’ என்ற பாய்மரக் கப்பல் 1879 மார்ச்சில் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு மே 14-ஆம் நாள் லெவுக்காவை அடைந்தது. கப்பலில் காலராவும் அம்மையும் பரவியிருந்தன. வந்தவர்களை ஊருக்குள் விடாமல் பக்கத்துக் குட்டித் தீவு ஒன்றில் ஒதுக்கி வைத்தார்கள். அதையும் சேர்த்து 1916 வரை 87 பயணங்களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டனர்.

நம் நாட்டில் நாம் ‘சஞ்சிக்கூலி’ என்கிறோம் அல்லவா? அங்கே ‘கிர்மிட்’ என்றார்கள். அக்ரிமெண்ட் என்ற சொல் அவர்கள் நாவில் அப்படித் தேய்ந்துவிட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். கொடுத்த ‘டாஸ்க்’ முடியாவிட்டால் அந்தக் கூலியும் முழுதாகக் கிடைக்காது. பத்தாண்டுகள் கழித்தால்தான் ஊர் திரும்ப இலவசக் கப்பல். தங்கியது லயத்தில். பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். அந்த லயங்களுக்கு அவர்களே வைத்த பெயர் ‘நரகம்’.

தென்னாட்டவர் போகத் தொடங்கியது பிறகுதான். 1903-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பேர் சென்னை வழியே சென்றனர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாரும் அதில் அடக்கம். எல்லா மாவட்டங்களையும்விட வட ஆற்காட்டிலிருந்து போனவர்களே மிகுதி.

என் கொள்ளுத்தாத்தாவும் வட ஆற்காட்டுக்காரர். அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்து, எங்கள் சிம்பாங் அம்பாட்டுக்கு அருகில் உள்ள பத்து காவான் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய தம்பி ஒருவர் சென்னையில் பீஜிக் கப்பல் ஏறினார் என்பது குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி. “தம்பிக்கு ஒரு கடுதாசி போடணும்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். விலாசம் இல்லாத கடுதாசி. அதனால்தான் ஓர் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், நானும் என் தம்பியும் ஆளுக்கொரு தோள்பையோடு அங்கே போனோம்.

சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய பத்து மணி நேரம். டிக்கெட்டுக்கே எங்கள் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகவே அங்கு இறங்கியபின் டாக்சி இல்லை, கடற்கரை ஓட்டல் இல்லை. சந்தைத் தெரு விடுதியில் ஓர் அறை. வழிக்கு ரொட்டியில் சுருட்டிய உருளைக்கிழங்குக் கறி. பயணம் முழுவதும் பொது பஸ். அந்நாட்டுப் பஸ்கள் பலவற்றில் சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள். கையில் காசு குறைவாக இருந்ததால்தான் பஸ்ஸில் போனோம், பஸ்ஸில் போனதால்தான் மனிதர்களோடு பேசினோம்.

பீஜி ஊர்ப் பெயர்களில் எழுத்து வேறு, ஒலி வேறு. ரோமன் எழுத்தில் ‘நாடி’ என்று படிக்கும்படி எழுதுவார்கள், சொல்வது ‘நாந்தி’. விமானம் இறங்கும் ஊர் அது. அங்கே கடைத்தெருவின் கோடியில், நம் ஊர்க் கோபுரம்போலவே வண்ணங்களோடு சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் நிற்கிறது. இன்றைய கட்டடம் 1994-இல் எழுந்தது. அங்கிருந்து வடக்குக் கரையோரமாகச் செல்லும் சாலையில் லௌட்டோக்கா, பா, தவுவா என்று கரும்பு ஊர்கள் வரிசையாக வரும். சாலையை வெட்டிக்கொண்டு கரும்பு ரயிலின் சின்னத் தண்டவாளம் ஓடும். அப்படியே போனால் ரக்கிராக்கி. அங்கே எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அவ்வூர்ச் சர்க்கரை ஆலையின் பெயர் ‘பினாங்கு ஆலை’!

1880-களில் தொடங்கிய ஆலை அது. 1926-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். கம்பெனி அதை வாங்கியது. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் சூறாவளி அடித்துச் சிதைத்தபின் மூடப்பட்டது. பெயர் ஒற்றுமையைக் கண்டு தம்பி சிரித்தான். எனக்கோ நம் செபராங் பிறையின் பழைய கதை நினைவுக்கு வந்தது. நம் வட்டாரமும் ஒரு காலத்தில் கரும்புச் சீமைதானே! பத்து காவான், கலிடோனியா, பைரம் என்று இன்று நாம் செம்பனையோடும் ரப்பரோடும் சேர்த்துச் சொல்லும் பெயர்களெல்லாம் கரும்போடு தொடங்கியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சஞ்சிக்கூலித் தமிழர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்து கரும்பைத் தள்ளிவிட்டது. மலாயாவில் 1910-இல் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. பீஜியில் 1920 சனவரி முதல் நாள்தான் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. பாரதியார் பீஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர்க் கவிதை பாடியதும், சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1915-இல் நேரில் போய்ப் பார்த்து வந்ததும் அந்தப் போராட்டத்தின் பகுதிகள்.

ஆனால் ஒரே கரும்பு, ஒரே கூலி முறை என்றாலும் இரு தமிழ்க் கூட்டங்களும் வேறு வேறாகிவிட்டனவே, ஏன்? மலாயாவுக்கு ஆள் திரட்டியவர் பெரும்பாலும் கங்காணி. அவர் தம் ஊருக்கே போய், தம் உறவையும் அக்கம்பக்கத்தையும் அழைத்து வந்தார். ஒரு லயமே ஒரு கிராமமாக இருந்தது. வங்கக் கடல் ஒரு வாரப் பயணம். 1926-இல் கட்டிய ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து ஊருக்குப் போய் வந்தவர்களை நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். பீஜிக்கோ நீராவிக் கப்பலிலும் ஏறக்குறைய ஒரு மாதம். ஆள் பிடிப்பவர்கள் சந்தையிலும் சத்திரத்திலும் தனித்தனியே பிடித்தவர்களைச் சென்னை டிப்போவில் கலந்து ஏற்றினார்கள். இறங்கிய இடத்திலோ முன்பே வந்தவர்கள் இந்தி பேசினார்கள். சர்தார் போடும் கட்டளை இந்தியில்தான். தமிழ் மட்டும் தெரிந்தவன் அடி வாங்கித்தான் அந்த மொழியைக் கற்க வேண்டியிருந்தது.

கப்பலிலிருந்து இறங்கியவர்களைச் சுவாவுக்கு எதிரே உள்ள நுக்குலாவ் தீவில் வைத்துத் தோட்டம் தோட்டமாகப் பங்கிட்டார்கள். கணவனையும் மனைவியையும் பிரிக்கக் கூடாது என்பது விதி. வளர்ந்த அண்ணன் தம்பிக்கு அப்படி விதி ஏதும் இல்லை. ஆகவே அவர்கள் புதிய உறவு ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஒரே கப்பலில் வந்தவன் ‘ஜகாஜி பாய்’, அதாவது கப்பல் உடன்பிறப்பு. சாதி, ஊர் எதுவும் பாராத இந்த உறவை உடன்பிறந்த உறவாகவே பேணினார்கள். பெற்ற தாய் தராத உடன்பிறப்பைக் கப்பல் தந்தது!

பா நகரில் ஒரு பெரியவர் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். குடும்பப் பெயர் கவுண்டர். அங்கே நாயுடு, பிள்ளை, ரெட்டி, முதலியார் எல்லாம் குடும்பப் பெயர்களாகவே நின்றுவிட்டன. ‘வணக்கம்’ என்றார். அதன்பின் முழுவதும் பீஜி இந்திதான். இந்திப் படம் பார்த்து வளர்ந்த என் தம்பி மொழிபெயர்த்தான். பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விடைபெறும் நேரத்தில் பெரியவர் மாரியம்மன் தாலாட்டிலிருந்து சில அடிகளைப் பிழையில்லாமல் பாடினார். அவற்றின் பொருள் அவருக்குத் தெரியவில்லை. நான் ஒவ்வோர் அடியாகச் சொல்ல, தம்பி இந்தியில் சொன்னான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தமிழ் அங்கே அந்த அளவேனும் மிஞ்சியதற்கு ஒரு சங்கம் காரணம். ஒப்பந்தக் கூலியாக வந்து துறவியான சாது குப்புசாமி 1926-இல் நாந்தியில் ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்க’த்தை நிறுவினார். கோயிலைவிடப் பள்ளிகளையே அது பெரிதாக நினைத்தது என்பது ஓர் ஆசிரியைக்கு இனிக்கும் செய்தி. சங்கப் பள்ளிகளில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார்கள்.

அந்நாட்டு வரலாறு சில நாட்களையும் இடங்களையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. லியோனிடாஸ் வந்த அதே மே 14-இல், 1987-ஆம் ஆண்டு, இராணுவ அதிகாரி ரபுக்கா, இந்தியர் பெரும்பான்மை ஆதரவு பெற்ற அரசைக் கவிழ்த்தார். 2000-இல் இன்னொரு கவிழ்ப்பை நடத்திய ஜார்ஜ் ஸ்பைட்டைச் சிறை வைத்த இடம் அதே நுக்குலாவ் தீவு. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இரண்டாம் முறையாகக் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். 2023 மே மாதம், பிரதமராகத் திரும்பிய ரபுக்கா பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். கிர்மிட் நாள் அவ்வாண்டு முதல் பொது விடுமுறையாயிற்று.

சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் குடியேற்றச் சீட்டுகள் இருக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு, நெருங்கிய உறவினர் பெயர். படம் இல்லாத அந்தக் காலத்தில் தழும்புதான் முகம். நாங்கள் தேடிய பெயர் வட ஆற்காட்டில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். இரண்டு நாள் தேடியதில் தந்தை பெயரும் பொருந்தும் சீட்டுகள் இரண்டு கிடைத்தன. ஒருவருக்கு இடப் புருவத்தில் தழும்பு. உறவினர் இடத்தில் தாயின் பெயர். மற்றவருக்கு வலது முழங்காலில். உறவினர் பெயர் மங்கிப்போயிருந்தது. எங்கள் வீட்டில் தழும்பைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை. முதல்வர் பா ஆலைக்கு. இரண்டாமவர் கடலுக்கு அப்பால் லம்பாசாவுக்கு.

பாவுக்கு நாங்கள் போய் வந்துவிட்டோம். கையில் இருந்ததோ நான்கு நாளும் கொஞ்சம் பணமும். “அக்கா, லம்பாசாவையும் பார்த்துடுவோம்” என்றான் தம்பி. கவுண்டர் பெயர் கொண்ட ஒரு கம்பெனியின் கப்பலுக்கு, படுக்கை இல்லாத மலிவுச் சீட்டு இரண்டு வாங்கினான். அன்று மாலை சுவாத் துறையில் ஏறி, மேல்தளத்தில் காற்று மறைவாக ஓர் இடம் பிடித்து, கொண்டுபோன போர்வையை விரித்தோம்.